ஜோடி சேராத கையுறை

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசியதற்கு நான் பதில் சொல்லவில்லை. "சனிக்கிழம காலேஜ வுட்டுட்டுக் கெளம்பி வந்துடுறேன்க்கா. பொட்டியெல்லாம் கட்டிட்டேன். நான் கம்பெனிக்குப் போறேன், நீ பத்தாவது எழுது. உன்ன அங்க வுட்டுட்டு நான் மட்டும் ஏறி வந்த மாதிரி இருக்கு. அந்தப் படத்துல வர்ற டாக்டர் மாதிரி" என்றாய். நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். "அக்கா, அழுவுறியா?" என்று கேட்டாய். நான் அழவில்லை. குரல் வரவில்லை, அவ்வளவுதான். அது எனக்குப் புதிதில்லை என்று உனக்குத் தெரியும். அதனால் நீ விட்டுப்போன கோடு போட்ட நோட்டில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஷூ கம்பெனிக் கேன்டீனின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக் காலை ஸ்பீடு போஸ்டில் போட்டால் வியாழக்கிழமைக்குள் உனக்கு வந்துவிடும். சனிக்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும்.

உன்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள் நான். பத்தொன்பது வயதில் ஒருத்தி பெற்றவளைப் போலக் கடிதம் எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் உன்னை விடுதியில் சேர்த்த அன்று, "மதர் வரலியாம்மா?" என்று வார்டன் கேட்டதும் நீ என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "இவங்கதான் மேடம்" என்றாய். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஏழாம் வகுப்பிலிருந்து உன் ரேங்க் கார்டை அப்பாவிடம் நீட்ட மாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடித்தபோதும் அவர் பெயரை நானே எழுதினேன். உன் முதல் புடவையை நான்தான் கட்டிவிட்டேன், உன் காய்ச்சலுக்கு நான்தான் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். ஆகையால் இந்த ஒரு தடவை உன் அக்காவாக இல்லாமல் நீ வார்டனிடம் சொன்ன அந்த ஆளாகவே பேசுகிறேன். முழுவதும் படி. நடுவில் மடித்து வைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணாதே.

அந்தப் படத்திலிருந்தே தொடங்குகிறேன். போன ஆயுதபூஜை லீவில் எங்கள் தையல் லைன் மொத்தமும் சேர்ந்து தியேட்டருக்குப் போனோமே, நீயும் என்னோடு வந்தாய். பனி மூடிய ஒரு கிரகம், அங்கே ஒரு கூடாரம், உள்ளே ஆறு பேர். புயல் வருகிறது, கூடாரத்தில் காற்று கசிகிறது. தூரத்தில் நிற்கும் கப்பலுக்கு நடந்து போக ஆளுக்கொரு விண்வெளி உடை வேண்டும். சின்ன வயது டாக்டரின் உடையில் காற்றுக்குழாய் வெடித்துவிடுகிறது. மெக்கானிக் தன் உடையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, கூடாரத்திலேயே நின்றுவிடுகிறார். கப்பல் கிளம்புகிறது. டாக்டர் இரண்டு கைகளையும் கண்ணாடியில் வைத்து அழுகிறாள். தியேட்டரில் எல்லோரும் அழுதார்கள். நீ மட்டும் என் தொடையைக் கிள்ளி, "செவப்புக் கதவு, செவப்புக் கதவு" என்றாய்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அதுதான் பேச்சு. படத்தின் தொடக்கத்தில் கேப்டன் கூடாரத்தைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் எண்ணுகிறார், சிவப்புக் கதவைத் திறந்து, உள்ளே தொங்கும் உபரி உடையைத் தட்டிப் பார்த்துவிட்டு மூடுகிறார். அதற்குப் பிறகு அந்தக் கதவை யாரும் நினைப்பதே இல்லை. நீ சொன்னதை நான் ஷமீம் அக்காவின் காதில் சொன்னேன். நம் பக்கத்து வீட்டு ஷமீம் அக்காவின் காதில் ஒன்று விழுந்தால் அது பஸ் முழுவதற்கும் விழுந்த மாதிரி. "அரே, கரெக்டுதானே! நம்ம லைன்ல ஒரு பீஸ் காணோம்னா சூப்பர்வைசரு குப்பத்தொட்டிய கவுத்துடுவாரு. அங்க ஒரு உசுரு போவுது, ஒரு கதவத் தொறந்து பாக்க இன்னா பேஜாரு அவங்களுக்கு?" என்று எழுந்து நின்றே கேட்டார். முன்சீட்டு மல்லிகா அக்கா திரும்பாமலே, "டைரக்டரு மறந்துட்டாருடி. எங்க வூட்டுக்காரரு தக்காளி வாங்கியாறச் சொன்னா தேங்கா வாங்கினு வர்றாரு, அந்த மாதிரி" என்றார். பஸ் சிரித்தது. மூன்று வாரம் அந்தச் சண்டை ஓயவில்லை. டாக்டர் அந்த உடையை வாங்கிக்கொண்டது சரியா தப்பா என்று இரண்டு கட்சி. "கொடுத்தா வாங்கிக்கத்தான் வேணும், அது அவ தலையெழுத்தா?" என்பது மல்லிகா அக்கா கட்சி. "நானா இருந்தா அந்தாளு காலப் புடிச்சு இழுத்துனு போவேன்" என்பது ஷமீம் அக்கா கட்சி. நான் எந்தக் கட்சியிலும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான பஸ் பயணங்கள் கிடையாது.

வீட்டில் உன் கட்சி வேறு மாதிரி. போனில் அந்தப் படம் வந்ததும் எத்தனை தடவை பார்த்தாய்! நிறுத்தி நிறுத்தி விரல் விட்டு எண்ணினாய். "காத்தே இல்லாத எடத்துல கொடி எப்படிக்கா ஆடும்? அவ்ளோ தூரத்துல வெடிச்சது எப்படிக் காதுல கேக்கும்?" நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அதெல்லாம் போவட்டும், அந்தாளு ஏன் நின்னான், அத சொல்லு" என்பேன். "நல்லவன், அதான் நின்னான். உன்ன மாதிரி" என்பாய். அந்த வார்த்தையை நீ எவ்வளவு சாதாரணமாகச் சொல்வாய், அது ஒவ்வொரு தடவையும் என்னை எங்கே குத்தும் என்று உனக்குத் தெரியாது. ஒரு நாள் அப்பா தோல் பதனிடும் டேனரியிலிருந்து வந்து, சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்த காலை நீட்டிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நம் பேச்சைக் கேட்டுவிட்டு, "அவனுக்கு வர இஷ்டமில்லம்மா. அதான் அந்தக் கதவப் பத்தி வாயே தொறக்கல" என்றார். நீ அவர் பக்கம் திரும்பாமலே, "படிக்கிற பொண்ண நிறுத்துன ஆளு, படத்துக்கு நியாயம் சொல்ல வந்துட்டாரு" என்றாய். அவர் எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார். கழுவிய காலையே மறுபடியும் கழுவினார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

இனி நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு என் வேலை தெரியும். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து முடித்ததும் என் டேபிளுக்கு வரும். நான் ஜோடி பார்ப்பேன். ஒரு ஜோடிக்கான துண்டுகளை ஒரே தோலில், பக்கத்துப் பக்கத்திலேயே வெட்டி, பின்னால் சில்வர் பேனாவால் ஒரே நம்பர் போடுவார்கள். இடதும் வலதும் வேறு வேறு தோலாகிவிட்டால் நிறம் கொஞ்சம் மாறும், மினுக்கு கொஞ்சம் மாறும். சேர்ந்த முதல் மாதம் ஒரு ட்ரே முழுவதும் ஜோடி மாற்றி வைத்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் திட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு என் கண் மாறிவிட்டது. பஸ்ஸில் எதிரே நிற்கிறவர்களின் செருப்பைக்கூட ஜோடி பார்க்கிறேன். நீ கல்லூரிக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அந்தப் படத்தைக் கடைசியாக ஒரு தடவை சேர்ந்து பார்த்தோம் இல்லையா? நீ பாதியிலேயே என் மடியில் தூங்கிவிட்டாய். நான் முடிவு வரை பார்த்தேன். டாக்டர் கண்ணாடியில் கை வைக்கும் இடத்தில் என் விரல் தானாகவே படத்தை நிறுத்தியது. அவள் கையில் இருந்த மெக்கானிக்கின் கையுறைகள் ஜோடி இல்லை, பாப்பா. இடது கட்டைவிரலில் இரண்டு வரித் தையல், தேய்ந்த நிறம். வலது கட்டைவிரலில் ஒரே வரித் தையல், புதிய மினுக்கு.

படத்தின் நடுவில் மெக்கானிக்கின் வலது கையுறை கயிற்றில் சிக்கிக் கிழிந்தது ஞாபகம் இருக்கிறதா? அடுத்த காட்சியில் அவர் முழுக் கையுறையோடு வேலை செய்துகொண்டிருப்பார். அது எங்கிருந்து வந்தது? மற்ற ஐந்து பேருடையதும் அவரவர் கையிலேயே இருக்கிறது. மிச்சம் இருப்பது சிவப்புக் கதவுக்குப் பின்னால் தொங்கும் உடை ஒன்றுதான். அவர் அந்தக் கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே உடை இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும், வேறு வழியே இல்லாதவர் போலத் தன் உடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டார். சினிமாக்காரர்கள் கவனிக்காமல் ஏதோ ஒரு கையுறையை மாட்டிவிட்டிருக்கலாம். எங்கள் கம்பெனியிலும் அப்படி எத்தனையோ நடக்கிறது. ஆனால் என்னால் அதை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. உன்னை எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. நீ இத்தனை மாதம் தேடிய ஓட்டைக்குப் பதில் என் கையில் இருந்தது. சொல்லவில்லை. அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது இதுதான். என்னைப் பள்ளியிலிருந்து அப்பா நிறுத்தவில்லை. நானேதான் நின்றேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை ஒவ்வொருவராக எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போதே என் வரி எது என்று எண்ணத் தொடங்கிவிடுவேன். எழுந்து நிற்பேன், எழுத்து தெரியும், அர்த்தமும் தெரியும், குரல் வராது. டீச்சர் நல்லவர். "நேரம் எடுத்துக்கோம்மா, நான் வெயிட் பண்றேன்" என்பார். அவர் காத்திருக்கக் காத்திருக்க நான் அந்த வரியையே விரலால் தடவிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் மணி அடிக்கும் வரை அப்படியே நின்றேன். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, "இது ம்யூட்ல இருக்குடி, ரிமோட்ட எடு" என்றாள். அதற்குப் பிறகு எனக்குப் பெயரே அதுதான். காலையில் யூனிபார்ம் போட்டதும் வீட்டிலேயே இருக்க ஒரு சாக்கு தேடுவேன். அம்மாவிடம் சொல்ல நினைத்திருந்தேன். அதற்குள் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு அம்மாவே இல்லை.

காரியம் முடிந்த அடுத்த வாரம் டீச்சர் வீட்டுக்கு வந்தார். நீ ஸ்கூலுக்குப் போயிருந்தாய். எல்லாவற்றையும் யோசித்து வைத்துக்கொண்டு வந்திருந்தார். நாட்றம்பள்ளிப் பெரியம்மா நம்மோடு வந்து இருக்கத் தயாராக இருந்தார். அப்போது கம்பெனிக்குப் போகாமலிருந்த ஷமீம் அக்கா சாவி வைத்துக்கொள்வதாகவும், நீ திரும்பி வரும் நேரத்தில் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். காலையில் அரைமணி நேரம் தாமதமாக வரலாம் என்று ஹெட்மிஸ்ட்ரஸிடமே கேட்டு வாங்கியிருந்தார் டீச்சர். "திங்கக்கெழம வந்துடு, என்ன?" என்றார். அன்றைக்கு என் குரல் எவ்வளவு தெளிவாக வந்தது தெரியுமா? "அப்பா வேணாம்னுட்டாரு டீச்சர்" என்றேன். பெரியம்மாவுக்குப் போன் போட்டு, "அப்பா யாரும் வர வேணாம்னு சொல்ட்டாரு பெரிம்மா" என்றேன். வகுப்பில் ஒரு வரி வாசிக்க முடியாதவள், இரண்டு பொய்யைத் தடுமாறாமல் சொன்னேன்.

டீச்சர் விடவில்லை. அப்பா இருக்கும் நேரம் பார்த்து மறுபடியும் வந்தார். அந்த நாள் உனக்கும் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். நீ பையோடு வாசலில் நின்றாய். "இவ்ளோ நல்லாப் படிக்கிற பொண்ண ஏங்க நிறுத்துறீங்க?" என்று டீச்சர் அப்பாவைக் கேட்டார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்புப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர், "ஆமா டீச்சர், நான்தான் சொன்னேன். வூட்ட யாரு பாக்குறது?" என்றார். டீச்சர் அவரைத் திட்டிய திட்டு உன் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து ஐந்து வருடமாக நீ அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று இரவு நான் சோறு போடும்போது அப்பா, "நெசமாவே வேணாமா?" என்று மெல்லக் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு என்னிடமும் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஆறு மாதம் போவதற்குள் நான் பள்ளிக்கூடத்துக்கு ஏங்கத் தொடங்கிவிட்டேன். காலை மணிச்சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வேலை அப்படியே நிற்கும். நீ சத்தமாக மனப்பாடம் செய்த எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு எல்லாவற்றையும் நானும் காய் நறுக்கிக்கொண்டே படித்தேன். உன் பழைய புத்தகங்களை எடைக்குப் போடாமல் வைத்திருப்பது உன் ஞாபகத்துக்காக என்று நினைத்தாயா? திரும்பிப் போயிருக்கலாம். டீச்சர் சேர்த்துக்கொண்டிருப்பார். ஆனால் அதற்குள் நம் தெருவில் நான் வேறு ஆளாகிவிட்டேன். "தங்கச்சிக்காகப் படிப்ப வுட்ட பொண்ணு" என்று ஷமீம் அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நீ எந்தப் பண்டம் வாங்கினாலும் முதல் துண்டை எனக்கு ஊட்டுவாய். வகுப்பில் ம்யூட்டாக இருந்தவளுக்கு அந்தப் பெயர் இனித்தது. திரும்பிப் போக வேண்டுமென்றால் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அந்தப் பெயரை விட எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு முடிந்ததும் கம்பெனியில் சேர்ந்தேன். இதுதான் என் தியாகம்.

அதனால்தான் சொல்கிறேன், நீ அந்த டாக்டர் இல்லை. உனக்காக யாரும் உடையைக் கழற்றவில்லை. நான் எப்படியும் கழற்றத்தான் நினைத்திருந்தேன், அப்போது நீ பக்கத்தில் இருந்தாய், அவ்வளவுதான். சனிக்கிழமை நீ இறங்கி வந்தால் உன் சீட்டும் போகும், எனக்கும் எதுவும் திரும்பி வராது. எனக்குப் பத்தாவது எழுத வழிவிடுவதற்காக நீ அங்கே இயற்பியல் படிப்பை விட வேண்டியதில்லை. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. எப்போதும் இருந்ததில்லை. தனித்தேர்வராக எப்படி எழுதுவது என்று விசாரிக்க வேண்டும். விண்ணப்பம் வாங்கும் கவுன்டரில் நின்று கேட்க எனக்குக் குரல் வருமா என்று தெரியவில்லை. வந்தால் எழுதுவேன். அதை என்னிடம் விட்டுவிடு. நீ அங்கே ஒன்று மட்டும் செய். வகுப்பில் தெரியாததைக் கேள். கொடி எப்படி ஆடும் என்று என்னிடம் கேட்டாயே, அதே குரலில் கேள். உனக்குப் பக்கத்தில் எவளாவது எழுந்து நின்று குரல் வராமல் நின்றால், அவளைப் பார்த்துக்கொண்டே இருக்காதே, புத்தகத்தைப் பார். அது போதும் அவளுக்கு.

நீ இல்லாத வீடு எப்படி இருக்கிறது என்று எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன். பஸ்ஸில் இப்போது வேறு படம் பேசுகிறார்கள். அதில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்ல ஆள் இல்லை. அந்தக் கையுறையைப் பற்றி உன்னிடம் வாயால் சொல்லி, நீ "போக்கா, அது சும்மா சினிமாக்காரங்க தப்பு" என்று என்னோடு சண்டை போடுவதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேன். நீ பெட்டி கட்டிவிட்டேன் என்று சொன்னபோது ஒரு நிமிடம் வா என்று சொல்லத்தான் நினைத்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த நேரத்தில் என் குரல் வராதது நல்லதாகப் போயிற்று.

நேற்று அப்பாவிடம், பாப்பாவுக்கு எல்லாத்தையும் எழுதப் போகிறேன் என்றேன். பதறிவிட்டார். "வேணாம்மா. அவ எம்மேல இருக்கிற கோவத்துலயாவது படிக்கிறா. அதக் கெடுக்காத" என்றார். ஐந்து வருடமாக அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பஸ் ஏறாதே. பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அப்பா வந்து கால் கழுவி உட்கார்ந்திருப்பார். அப்போது அவர் நம்பருக்குப் போன் பண்ணு, எனக்கு வேண்டாம். நான் வெளியே ஷமீம் அக்கா வீட்டில் இருப்பேன். உன் பெயரைப் பார்த்ததும் அவர் போனை எடுப்பார், ஆனால் ஒன்றும் பேச மாட்டார். மூச்சு மட்டும் கேட்கும். எனக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. அவருக்கும் குரல் வர நேரமாகும், பாப்பா. வைத்துவிடாதே.

உன் அக்கா